பங்குனியில் தென்னைக்குத் தண்ணீர் கட்டுவது எப்படி?



பங்குனி பிறந்தாலே கிணற்றில் ஊற்று இறங்கிவிடும். தென்னைக்கோ அப்போதுதான் தாகம் அதிகம். "மரம்தானே, தாங்கிக்கும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மரம் தாங்கும், காய்ப்பு தாங்காது. குருத்துக்குள்ளே பூங்கொத்து உருவாகி, பாளை வெடித்து, காய் முற்ற ஏறக்குறைய 44 மாதம் ஆகிறது. இன்றைக்கு வாடவிட்டால் குரும்பை இப்போதே கொட்டும். அதோடு போகாது, அடுத்த இரண்டு மூன்று வருஷக் காய்ப்பிலும் அது தெரியும்.

எந்த முறையில் கட்டலாம் என்பதை உங்கள் கிணறுதான் சொல்லணும். தண்ணீர் தாராளமாக இருந்தால் தண்டைச் சுற்றி ஆறடிக்கு வட்டப்பாத்தி போடுங்கள். நீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. மேற்கு மாவட்டங்களில், கோடையில், வளர்ந்த மரத்துக்கு ஆறு நாளைக்கு ஒரு தடவை 410 லிட்டர் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. வருகிற வழியில் மண் வாய்க்கால் குடிப்பதற்கு இன்னும் 30 முதல் 40 சதவீதம் சேர்த்துக்கொள்ளணும்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு ஒரே ஓட்டமாகத் தண்ணீர் விடுகிற பழக்கம் ஆகாது. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிகிற தஞ்சாவூர் வாடல் நோய் ஒரு மரத்தில் இருந்தால், அந்தத் தண்ணீரோடு பக்கத்து மரத்துக்கும் போய்ச் சேரும். வரிசைக்கு நடுவே வாய்க்கால் எடுத்து, மரத்துக்கு மரம் தனி மடை வையுங்கள்.

தண்ணீர் குறைச்சலா? சொட்டுநீர்தான் வழி. பிப்ரவரி முதல் மே வரை நாளொன்றுக்கு 65 லிட்டர் கொடுக்கணும். கிணறு இறங்கினால் 45 லிட்டர். கடும் வறட்சியில் 22 லிட்டராவது கொடுங்கள். தண்டிலிருந்து மூன்றடி தள்ளி, நாலு பக்கமும் சொட்ட வேண்டும். மணல்பாங்கான நிலத்தில் சொட்டிய நீர் பக்கத்தில் பரவாமல் நேரே கீழே இறங்கிவிடும். அங்கே சொட்டும் இடங்களைக் கூட்டுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் துவாரம் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி நடந்து பார்க்கணும். மானியம் பற்றித் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இளங்கன்றுக்கு இத்தனை செலவு வேண்டாம். அடியில் சிறு துளையிட்ட மண்பானையைப் பக்கத்தில் புதைத்து நிரப்பி வந்தால் போதும்.

எந்த முறையானாலும் பாத்தியில் மூடாக்கு கட்டாயம். நூறு உரிமட்டையை முதுகுப்புறம் மேலே இருக்கும்படி அடுக்கலாம். இல்லையென்றால் 15 காய்ந்த ஓலை, அதுவும் இல்லையென்றால் நாலு அங்குல உயரத்துக்கு நார்க்கழிவு. தண்ணீர் கட்டிய ஈரம் காய்வதற்குள் பரப்பிவிடுங்கள்.