பேக்கப் இருந்தும் ஏன் தொலைந்தது?

2017 ஜனவரி 31 இரவு. கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் துணை சர்வர் என நினைத்து, முதன்மை சர்வரில் அழிப்புக் கட்டளையைத் தட்டிவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. தினசரி பேக்கப்பைத் திறந்தால், காலி! தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுக்கும் கருவியோ 9.2. பதிப்பு ஒத்துவராமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லவேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த நகல்தான் கைகொடுத்தது.

கிளவுட் சேவை இதை எப்படிச் சமாளிக்கிறது? தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு லாகில் எழுதிக்கொள்ளும். அமேசானின் தரவுத்தள சேவையான ஆர்டிஎஸ் அந்த லாகை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறு சேமிப்பகத்துக்கு அனுப்பிவிடுகிறது. பழைய நகலின் மேல் லாகை ஓட்டினால், தவறு நடந்ததற்குச் சற்று முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

சொந்த சர்வரிலும் இதே வசதியை அமைக்கலாம், மென்பொருளுக்குப் பைசா செலவில்லை. ஆனால் அவ்வப்போது ரீஸ்டோர் செய்து பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் கிளவுடுக்கு வாடகை கட்டுவதே மேல் என்பேன். என்ன, அங்கே சூப்பர்யூசர் அதிகாரம் கிடைக்காது. அவர்கள் அனுமதித்த எக்ஸ்டென்ஷன்களோடுதான் காலம் தள்ளவேண்டும்.