உல்லை அலையும் ஒற்றைக் குவியத் தூர லென்ஸும்

உல்லை என்று நாம் அழைக்கும் அறுகம்பேயின் மெயின் பொயின்ட் அலை, கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. கமெராவுக்கு அது வெகுதூரம். நூறு மீற்றருக்கு அப்பால் 1.7 மீற்றர் உயரமான ஒருவர் பலகையில் நிமிர்ந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள லென்ஸால் எடுத்தால், சென்சரில் விழும் அவருடைய விம்பத்தின் உயரம் 0.85 மில்லிமீற்றர்தான். 400 மில்லிமீற்றர் லென்ஸில் அதுவே 6.8 மில்லிமீற்றர் ஆகிறது. முழுச்சட்டக சென்சரின் உயரம் 24 மில்லிமீற்றர் என்பதால், படத்தின் உயரத்தில் கால்வாசிக்கு மேல் மனிதரே நிறைந்திருப்பார். அலைச்சறுக்குப் பருவத்தில் உல்லைக் கரையில் நீண்ட வெள்ளை லென்ஸ்களோடு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் போட்டி இங்கே நடந்தது. அப்படிப்பட்ட போட்டிகளைக் கரையிலிருந்து படமெடுக்க அந்த நீளம் இல்லாமல் முடியாது.

லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி பலரிடம் இன்னும் டிஎஸ்எல்ஆர்தான். லென்ஸ் வழியே வரும் ஒளி, 45 பாகை சாய்ந்து நிற்கும் ஓர் ஆடியில் பட்டு மேலே திரும்புகிறது. மேலே உள்ள ஐங்கோண அரியம் விம்பத்தை நேராக்கிக் கண்ணுக்கு அனுப்புகிறது. நாம் பார்ப்பது திரையை அல்ல, லென்ஸ் வழியே வந்த அதே ஒளியை. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே மடிகிறது, ஷட்டர் திறக்கிறது, சென்சரில் ஒளி விழுகிறது, ஆடி மறுபடி இறங்குகிறது. 2020இல் வந்த கனன் 1டி எக்ஸ் மார்க் 3 இவ்வளவையும் ஒரு விநாடிக்கு 16 தடவை செய்து முடிக்கும். பொறியியலில் எனக்கு வியப்பு அடங்காத இடங்களுள் இது ஒன்று. 1999இல் வந்த நிக்கோன் டி1இன் படத்தில் 27 இலட்சம் புள்ளிகளே இருந்தன. இன்றைய சாதாரணக் கைத்தொலைபேசியில்கூட அதைவிடப் பல மடங்கு உண்டு.

இனி பிரைம் லென்ஸ். ஸூம் லென்ஸில் குவியத் தூரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பிரைமில் அது ஒன்றே ஒன்று, மாறாது. அதனால் கண்ணாடி வில்லைகளை அந்த ஒரு தூரத்துக்கென்றே செப்பமாக அமைக்க முடிகிறது. ஒளி நுழையும் துவாரத்தையும் பெரிதாக வைக்க முடிகிறது. 400 மில்லிமீற்றர் லென்ஸில் எஃப் 2.8 என்று எழுதியிருந்தால், 400ஐ 2.8ஆல் வகுத்துப் பாருங்கள்: துவாரத்தின் விட்டம் சுமார் 143 மில்லிமீற்றர். எஃப் 5.6இல் அதில் பாதி. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். உள்ளே வரும் ஒளியும் நான்கு மடங்கு.

இந்த நான்கு மடங்கு உல்லையில் எங்கே உதவுகிறது? பருவ காலத்தில் காற்று அடங்கி அலை வழுவழுப்பாக இருப்பது பெரும்பாலும் விடியலில். பிற்பகலில் கடற்காற்று எழுந்து நீரைக் குலைத்துவிடுகிறது. ஆகவே நல்ல சறுக்கல் நடக்கும் நேரத்தில் வெளிச்சம் குறைவு. பலகையில் விநாடிக்கு 7 மீற்றர் வேகத்தில் போகிறவர் 1/100 விநாடிக்குள் 7 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார்; 1/1000 விநாடியில் 7 மில்லிமீற்றர் மட்டுமே. எஃப் 5.6 லென்ஸ் 1/250 விநாடி கேட்கும் அதே மங்கலில், எஃப் 2.8 லென்ஸ் 1/1000இல் எடுத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இது கிழக்குக் கரை. காலைச் சூரியன் கடலுக்கு மேலேயே எழுந்து நேரே லென்ஸுக்குள் பாய்கிறது. வில்லைகளின் ஒவ்வொரு மேற்பரப்பும் கொஞ்சம் ஒளியைத் தெறிக்கவிடும். அது உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். பிரைமில் பொதுவாக வில்லைகள் குறைவு, வெளிறலும் குறைவு. ஆனாலும் ஓர் எச்சரிக்கை: டிஎஸ்எல்ஆரின் பார்வைத் துளை வழியே சூரியனை நேரே பார்க்காதீர்கள். நீண்ட லென்ஸ் குவித்த வெயில் அப்படியே கண்ணுக்குள் இறங்கும், விழித்திரை கருகிவிடலாம்.

கனனின் பெரிய லென்ஸ்கள் வெள்ளையாக இருப்பதற்கும் வெயில்தான் காரணம். அவற்றுள் பலவற்றில் உள்ள புளோரைட் வில்லை சூட்டில் விரிவடையும் தன்மையது. வெள்ளைப் பூச்சு வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது.

பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ தொழில் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகள் இந்த வெள்ளைக் குழாய்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். என் கருத்தில் முதலில் வாங்க வேண்டியது 50 மில்லிமீற்றர் எஃப் 1.8. பிரைம்களில் மிக மலிவானவற்றுள் ஒன்று. கனனின் 2015ஆம் ஆண்டு வடிவம் 160 கிராம்தான். கல்முனைக் கலியாண மண்டபத்தின் மங்கல் விளக்கிலும், மருதமுனைத் தறிக் கொட்டிலின் அரையிருளிலும் ஃபிளாஷ் இல்லாமலே படம் தரும். கிட்டப் போய்த்தான் எடுக்க வேண்டும். அதனால் எடுக்கப்படுபவரோடு இரண்டு வார்த்தை பேசியே ஆக வேண்டும். அதை நான் குறையாக நினைக்கவில்லை.

அடுத்தது 300 மில்லிமீற்றர் எஃப் 4. சிறிய சென்சர் உள்ள நிக்கோன் உடலில் பொருத்தினால், 450 மில்லிமீற்றர் லென்ஸ் தரும் அளவு நெருக்கம் கிடைக்கும். உல்லை அலைக்கும் குமணப் பறவைகள் சரணாலயத்து நாரைக்கும் அது போதும்.

கமெரா உடலுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். பெரும்பாலான உற்பத்தியாளர்கள் ஆடியில்லாக் கமெராக்களின் பக்கம் போய்விட்டார்கள். அதனால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பாவித்த நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. உடல் பழசாகும், லென்ஸ் நிற்கும். 1987இல் தொடங்கிய கனன் ஈஎஃப் பொருத்திக்கான லென்ஸ்கள், ஓர் இணைப்பு வளையத்தின் உதவியோடு கனனின் இன்றைய ஆடியில்லா உடல்களிலும் வேலை செய்கின்றன.

பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். நம் கரையோர ஈரப்பதனில் இன்னும் வளரும், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். கடற்கரை மணலில் நின்று லென்ஸ் கழற்றி மாட்டாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலின் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாப் பெட்டியில் வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துச் செல்வதானால் பையைத் திறக்காமல் வெளியே அரை மணிநேரம் வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் பனி படிந்து, முதல் அலைகள் போய்விடும்.