எண்ணுக்குள் அடங்கிய கொரிய எழுத்து

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது என்றால் நண்பர்கள் சிலர் வியப்படையக்கூடும். அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று மனிதர் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டால்தான், ஓரிடத்தில் தட்டிய எழுத்து வேறோரிடத்திலும் அதே எழுத்தாகத் தோன்றும். கொரிய மொழிக்கு இவ்வுடன்பாடு நெடிய வழக்காகவே நடந்தது. அதன் தீர்ப்பு ஒரு சிறு பெருக்கல் கணக்கில் அடங்கியிருப்பதுதான் கணித மாணவனாகிய என்னைக் கவர்ந்தது.

கொரிய எழுத்தாகிய ஹங்குலை செஜோங் மன்னர் 1443இல் வகுத்து 1446இல் வெளியிட்டார். இன்று அதில் அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவதில்லை; ஓர் அசைக்கு உரியவற்றை ஒரே கட்டமாக அடுக்குகிறார்கள். முதலில் மெய், அடுத்து உயிர், வேண்டுமானால் அடியில் இன்னொரு மெய். ‘கண்’ என்பது நமக்கு இரண்டு எழுத்து. அவர்கள் முறைப்படி ஒரே கட்டம். இரட்டித்தும் கூடியும் வருவனவற்றைச் சேர்த்தால் முதலிடத்திற்கு 19, நடுவிடத்திற்கு 21, கடையிடத்திற்கு 27. கடையில் ஒன்றும் வராமையையும் ஒரு வகையாகக் கொண்டால் 28. மூன்றையும் பெருக்குங்கள்: 11,172 கட்டங்கள்!

தென்கொரியா 1987இல் வகுத்த தரத்தில் இவற்றுள் 2,350க்கு மட்டுமே இடம் கிடைத்தது. ஏன்? அத்தரம் பின்பற்றிய பன்னாட்டு முறையில் 94 வரிசை, வரிசைக்கு 94 இடம். ஆக மொத்தம் 8,836 இடங்களே. அவற்றிலும் 4,888 இடங்களைச் சீன எழுத்துகள் எடுத்துக்கொண்டன. ஹங்குலுக்கு 25 வரிசைகள் ஒதுக்கி, மிகுதியாக வழங்கும் அசைகளை மட்டும் பொறுக்கி வைத்தார்கள்.

ஆனால் மக்கள் பட்டியல் பார்த்தா பேசுகிறார்கள்? 1990இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெயரில் முதல் அசையே ‘த்தொம்’. பட்டியலில் அது இல்லை! தம் பெயரிலேயே இத்தகைய அசை உடையவர் பாடு இன்னும் சங்கடம். கையால் எழுத முடிந்த பெயரைப் பொறியில் எழுத முடியாமற்போவது சிறு குறையன்று என்பது என் கருத்து.

இதற்கு மாற்று முன்பே இருந்தது. ‘ஜோஹாப்’ எனும் முறையில் கட்டத்திற்கு எண் தராமல் உறுப்புக்கு எண் தந்தார்கள். ஓர் உறுப்புக்கு ஐந்து பிட். ஐந்து பிட்டில் 32 வேறுபாடுகள் காட்டலாமாகையால் 19, 21, 28 எல்லாம் தாராளமாக அடங்கும். மூன்று உறுப்புக்குப் பதினைந்து பிட், அடையாளத்திற்கு ஒன்று, ஆகப் பதினாறு. எழுத்தின் இலக்கணத்தையே எண்ணாக்கிய இம்முறை 1992இல் அரசுத் தரத்தின் பிற்சேர்க்கையாக இடம்பெற்றது. விண்டோஸ் 95 வந்தபோது மைக்ரோசாப்ட் நிறுவனம் வேறு வழியை நாடி, விடுபட்ட 8,822 கட்டங்களை மீந்திருந்த இடங்களில் செருகியது. எல்லா அசைகளும் கிடைத்தன. ஆனால் எண் வரிசை அகரவரிசையாக இல்லாமற்போயிற்று.

1996இல் வந்த யூனிகோடின் இரண்டாம் பதிப்பு 11,172 கட்டங்களையும் அகரவரிசைப்படி 44,032 என்ற எண்ணிலிருந்து அடுக்கியது. இப்போது பட்டியலே வேண்டாம். ‘ஹன்’ என்னும் அசையைப் பாருங்கள். சுழியிலிருந்து எண்ணினால் ஹகர மெய் 18, அகரம் 0, கடை நகரம் 4. 18ஐ 21ஆல் பெருக்கி 0 கூட்ட 378. அதை 28ஆல் பெருக்கி 4 கூட்ட 10,588. அதனுடன் 44,032 சேர்க்க 54,620. அதுவே ‘ஹன்’னின் எண். திரும்ப வகுத்தால் மூன்று உறுப்புகளும் பிரிந்துவிடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. யூனிகோடின் முந்தைய பதிப்பில் 6,656 கொரியக் கட்டங்கள் வேறு எண்களில் இருந்தன. அவற்றை அப்படியே பெயர்த்தார்கள். பழைய எண்ணில் எழுதியவை ஏதும் இல்லை என்பதே அன்று சொல்லப்பட்ட சமாதானம். எனினும், ஒருமுறை எண் பெற்ற எழுத்தை இனி இடம் மாற்றுவதில்லை என்ற விதி அதன் பின்னரே உறுதியாயிற்று. காலியான பழைய இடத்தில் 1999இல் சீன எழுத்துகள் குடியேறின.