ஊர் ஊராகப் போன சூப்பர் கிங்ஸ்

ஏப்ரல் 15 வந்தால் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளைக் கரையோடு கட்டிவிடுவோம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு போடும் தடை அது. முன்பு 45 நாள் இருந்தது, 2017 முதல் 61 நாள் ஆனது. ஜூன் 14 வரை என்ஜினைக் கழற்றி சர்வீஸ் பார்ப்போம், படகுக்குப் பெயிண்ட் அடிப்போம், கிழிந்த வலையைத் தைப்போம். பொழுது சாய்ந்தால் டிவி முன்னால் கூட்டம் சேரும். ஐபிஎல் முதன்முதலில் தொடங்கியது 2008 ஏப்ரல் 18. படகுகளைக் கட்டி மூன்றே நாள் கழித்து. மற்ற மாதங்களில், நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய் நடுக்கடலில் கிடக்கிறவர்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து கடைசிப் பந்து வரை மேட்ச் பார்க்கிற காலம் இதுதான். சென்னை சூப்பர் கிங்ஸ் எங்கள் தெருக்களில் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு தோனி பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இந்தத் தடைக்காலம் என்பேன்.

இந்தியா சிமெண்ட்ஸ் இந்த அணியை வாங்கியது 9.1 கோடி டாலருக்கு. தோனியை ஏலத்தில் எடுத்தது 15 லட்சம் டாலருக்கு. அந்த ஏலத்தில் அதுவே உச்ச விலை. சேப்பாக்கத்தில் முதல் மேட்ச் 2008 ஏப்ரல் 23 அன்று, மும்பையோடு. ஹெய்டன் 81 அடித்தார், ஆறு ரன்னில் ஜெயித்தோம்.

சேப்பாக்கம் மைதானம் அணியைவிட வெகு மூத்தது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1860-களிலேயே அங்கே குடியேறிவிட்டது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934-ல் அங்கேதான் நடந்தது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் 1952-ல் அதே மண்ணில். 2011 உலகக் கோப்பைக்கு முன்பு பழைய கான்கிரீட் ஸ்டாண்டுகளுக்குப் பதிலாக, வெள்ளைக் கூடாரக் கூரையோடு புதிய ஸ்டாண்டுகள் எழுந்தன. கடற்காற்று உள்ளே வர வழிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் முகத்தில் உப்புக்காற்று படும். எங்கள் துறைமுகத்தில் வீசுகிற அதே காற்று.

அந்த 2011 மே 28-ஐ நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சேப்பாக்கத்தில் ஃபைனல், எதிரே பெங்களூரு. முரளி விஜய் 95 அடித்து ஸ்கோரை 205-க்குக் கொண்டுபோனார். அடுத்து, அந்த சீசனில் எல்லோரையும் அடித்து நொறுக்கிய கெயிலை முதல் ஓவரிலேயே அஸ்வின் டக்கில் அனுப்பினார். படகு என்ஜின் மெக்கானிக்கான என் சித்தப்பா, கையில் கிரீஸ் காயாமல் நின்றபடியே, "கெயிலு காலிடா! கப்பு இனி நம்ம ஊட்டுலதான்!" என்று கத்தினார். தெருவே விசிலடித்தது.

சூப்பர் கிங்ஸ் வாங்கிய ஐந்து ஐபிஎல் கோப்பைகளில் சேப்பாக்கத்தில் வாங்கியது அந்த ஒன்றுதான். 2010-ல் நவி மும்பை, 2018-ல் மும்பை, 2021-ல் துபாய், 2023-ல் அகமதாபாத்.

அணி ஊர் ஊராகப் போன கதை நீளமானது. 2009-ல் நாடாளுமன்றத் தேர்தல் என்று ஐபிஎல் முழுவதும் தென்னாப்பிரிக்கா போனது. 2013-ல் ஈழத்தமிழர் பிரச்சினையில் தமிழகம் கொந்தளித்தபோது, இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்றானது. இங்கே நடக்கவிருந்த பிளே-ஆஃப் ஆட்டங்கள் டெல்லிக்குப் போயின. சேப்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் அனுமதிச் சிக்கலில் பூட்டியே கிடந்தன. ஏறத்தாழ 12,000 இருக்கைகள்! அந்தச் சிக்கலால் 2014-ல் ஹோம் மேட்ச்சுகள் ராஞ்சிக்குப் போயின. 2019 ஃபைனலும் ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே ஒரே ரன்னில் தோற்றோம். நம் ஊரில் ஆடியிருந்தால் அந்த ஒரு ரன் கிடைத்திருக்கும் என்று காசிமேட்டில் இன்னும் வாதாடுவார்கள். நானும் அவர்கள் கட்சிதான்.

சூதாட்ட வழக்கில் 2016, 2017 இரண்டு வருஷமும் அணியே தடையில் இருந்தது. 2018 ஏப்ரல் 10-ல் திரும்பி வந்தபோது, வெளியே காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம், உள்ளே மைதானத்தில் செருப்பு வந்து விழுந்தது. அந்த ஒரே மேட்ச்சோடு அணி புனேவுக்குப் போய்விட்டது. காவிரிக்காகப் போராடியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அணியைப் பிரிந்த வருத்தமும் இருந்தது. எங்கள் தெருவில் பலருக்கு இரண்டுமே மனசில் இருந்தன. அப்போது ஆயிரம் ரசிகர்கள் வரை தனி ரயிலில் சென்ட்ரலிலிருந்து புனே போனார்கள். அங்கே வாட்சன் சதம் அடித்தார். கொரோனா காலம் முடிந்து, சேப்பாக்கத்தில் நம் அணி மறுபடி ஆடியது 2023 ஏப்ரல் 3-ல்தான்.

ஊரை விட்டுப் போகிற எல்லா அணியும் திரும்பி வருவதில்லை. அமெரிக்காவின் பேஸ்பால் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸ், 1957 சீசனோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. திரும்பவேயில்லை. பழைய மைதானத்தையும் 1960-ல் இடித்துவிட்டார்கள். நம் அணி ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

எங்கள் பக்கத்திலிருந்து சேப்பாக்கம் போகும் வழியும் இப்போது சுலபம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது. தண்டையார்பேட்டையில் ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் நடந்துவிடலாம். ஆனால் 2024-ல் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 6,800 ரூபாய், அதுவும் படகு கட்டிக் கிடந்து வருமானமே இல்லாத மாதத்தில். பல வருஷம் காலியாகக் கிடந்த அந்த 12,000 இருக்கைகளில் சில நூறையாவது தடைக்காலத்தில் குறைந்த விலைக்குக் கொடுங்கள். விசிலோடு வரக் காசிமேடு தயார்.