சாளரத்தில் தெரியாத விளிம்பு: பழைய அகலக்கோண லென்ஸுக்கு ஃபில்டர் வாங்குவோர் அறிய வேண்டியவை

ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பவர் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை. அதற்கு மேலே தனியாக அமைந்த ஒரு சிறு சாளரத்தின் வழியாகவே பார்க்கிறார். அந்தச் சாளரம் எப்போதும் துலக்கமாகவே இருக்கும். லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்துபோனாலும் காட்சியில் ஒரு குறையும் தோன்றாது. லென்ஸின் முன்னே மாட்டிய ஃபில்டரின் விளிம்பு படத்தின் நான்கு மூலைகளையும் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாலும், அந்தச் சமாசாரம் ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரியவரும். இந்த ஒரு காரணத்தினாலேயே, பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களை, அவற்றுள்ளும் அகலக்கோண லென்ஸ்களை ஆசையோடு தேடி வாங்குகிறவர்கள் ஃபில்டர் விஷயத்தில் மற்றவர்களைவிட முன்ஜாக்கிரதை உள்ளவர்களாக இருத்தல் அவசியமாகிறது. பார்த்துத் திருத்திக்கொள்ள வழியில்லாத இடத்தில், அளந்தும் எழுதி வாங்கியும் பரீட்சித்தும்தான் நஷ்டத்தைத் தவிர்க்க முடியும்.

எண் வேறு, அளவு வேறு

முதல் ஆபத்து எண்களில் இருக்கிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனம் 1930-களில் வெளியிட்ட 35 மில்லிமீட்டர் எல்மார், 28 மில்லிமீட்டர் ஹெக்டார் ஆகிய லென்ஸ்களுக்கு உரியது ‘ஏ36’ என்னும் ஃபில்டர். இது திருகி மாட்டுவதன்று. லென்ஸின் முன்விளிம்புக்கு வெளியே தொப்பிபோல அழுத்திச் செருகுவது. ஆகவே இங்கே 36 மில்லிமீட்டர் என்பது விளிம்பின் வெளிக்குறுக்களவே ஒழிய, மரையின் அளவு அன்று. இதை அறியாமல் ‘36’ என்ற எண்ணை மட்டும் நம்பித் திருகு ஃபில்டரை வாங்கியவர், எங்கும் பொருந்தாத ஒரு வளையத்துக்குச் சொந்தக்காரராகிறார். எல்மாரில் அபர்ச்சரை மாற்றும் சிறு நெம்பு லென்ஸின் முகத்திலேயே இருப்பதால், ஃபில்டரைச் செருகுவதற்கு முன்பே அபர்ச்சரை வைத்துவிடுவதும் நல்லது.

பின்னால் வந்த ‘இ39’, ‘இ48’ என்பவை திருகு வகையைச் சேர்ந்தவை. 35 மில்லிமீட்டர் சம்மரான் எஃப் 3.5 லென்ஸின் தொடக்கப் பிரதிகளுக்கு ஏ36-உம், பிந்தியவற்றுக்கு இ39-உம் உரியவையாதலால், ஒரே பெயருடைய லென்ஸுக்கே இரண்டு விதமான ஃபில்டர்கள் உண்டு என்பதை மறத்தலாகாது. 21 மில்லிமீட்டர் சூப்பர் ஆங்குலானில் எஃப் 4 வகைக்கு 39-உம், 1963-இல் வந்த எஃப் 3.4 வகைக்கு 48-உம் வேண்டும். ஜப்பானியக் கானனின் 28 மில்லிமீட்டர் எஃப் 3.5 லென்ஸுக்கு 34, 25 மில்லிமீட்டருக்கு 40. நிக்கான் அகலக்கோணங்கள் பலவற்றுக்கு 43. சோவியத் நாட்டு ஜூபிடர்-12-க்கு 40.5. நாற்பதும் நாற்பதரையும் கடைக்காரர் வாயில் ஒன்றாக ஒலித்தாலும் மரையில் ஒன்றல்ல.

இவை போதாவென்று ‘சீரீஸ்’ ஃபில்டர்கள் என்றொரு வர்க்கமும் உண்டு. இவற்றுக்கு மரையே கிடையாது. லென்ஸின் முன்னே மாட்டும் கூட்டின் (ஹூட்) உள்ளே கண்ணாடித் தட்டை வைத்து, ஒரு வளையத்தால் இறுக்கிவிடுவார்கள். 35 மில்லிமீட்டர் சம்மிலக்ஸின் பழைய வகை ஒன்று, தனக்குரிய கூட்டினுள்ளே, 50.8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சீரீஸ் 7 தட்டை ஏற்பது. கூடு இல்லாமல் லென்ஸை மட்டும் மலிவாக வாங்கியவர், ஃபில்டர் மாட்டும் வசதியையும் கூடவே இழந்துவிட்டார் என்பதே பொருள். ஸைஸ் நிறுவனத்தின் 15 மில்லிமீட்டர் ஹோலோகனின் கதை இதனினும் கடுமையானது: நடுவில் கறுத்து ஓரம் நோக்கித் தெளியும் பிரத்தியேக ஃபில்டர் இல்லாவிட்டால், படத்தின் நடுப்பாகத்துக்கும் மூலைகளுக்கும் உள்ள ஒளி வித்தியாசம் அப்படியே பதிவாகிவிடும். அங்கே ஃபில்டர் லென்ஸின் அங்கமே; அது உடன் வருகிறதா என்று கேளாமல் விலை பேசுதல் கூடாது.

ஆகவே, ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்து, தம் கையிலுள்ள லென்ஸின் உள்மரையையும் வெளிவிளிம்பையும் தாமே அளந்து குறித்துக்கொள்வதே முதற் பரிகாரம்.

பொருத்தும் முறை

அளவு சரியாயிருந்தும் மரையின் இடைவெளி வேறாயிருக்கலாம். சிறிய ஃபில்டர்களில் 0.5 மில்லிமீட்டரும், பெரியவற்றில் பெரும்பாலும் 0.75 மில்லிமீட்டரும் வழக்கம். ஒவ்வாத மரையைப் பலவந்தமாகத் திருகினால், ஐம்பது அறுபது ஆண்டுகள் பழுதின்றி வாழ்ந்த லென்ஸின் மரை ஒரே நிமிஷத்தில் அழிந்துபோகும். முதலில் வளையத்தை எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றி, மரை வாய் பொருந்தியதை விரல் உணர்ந்த பிறகே உள்நோக்கித் திருகுதல் வேண்டும். இரண்டு சுற்றுக்குள் இறுகினால், அது பொருந்தவில்லை என்று கொண்டு நிறுத்திவிடுவதே விவேகம். சிக்கிக்கொண்ட ஃபில்டரை விரல்களால் அழுந்தப் பிடிக்குந்தோறும் வளையம் முட்டைவடிவாகி மேலும் இறுகும். ஆதலால் அகன்ற ரப்பர் பட்டையை வளையத்தைச் சுற்றிப் போட்டோ, ஃபில்டர் கழற்றுவதற்கென்றே விற்கும் பிடிகளைக் கொண்டோ, சுற்றிலும் சமமான பலத்தோடு திருப்ப வேண்டும்.

பழைய ஃபில்டர் வாங்குவோர் அதனை விளக்கொளிக்கு எதிரே சாய்த்துப் பார்ப்பதும் அவசியம். இரண்டு கண்ணாடிகளுக்கிடையே ஒட்டிய பசை பிரிந்திருந்தால் ஓரத்தில் வானவில் நிறமோ குமிழோ தோன்றும். பூஞ்சை பிடித்திருந்தால் மெல்லிய நூல்வலை தெரியும்.

மூலை இருளும் ஒளிக் கணக்கும்

அகலக்கோண லென்ஸ் பக்கவாட்டிலிருந்து வெகு சாய்வாக வரும் கிரணங்களையும் ஏற்பது. எனவே தடித்த விளிம்புடைய ஃபில்டரும், ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய இரண்டு ஃபில்டர்களும், முன்னே நீண்ட அடாப்டர் வளையமும் அக்கிரணங்களை வழிமறித்துவிடும். லென்ஸின் அளவிலிருந்து பெரிய அளவுக்கு ஏற்றும் மெல்லிய வளையம் ஒன்றை மாட்டி, அதன்மேல் அகன்ற ஃபில்டரைப் பொருத்துவது இதற்குச் சுலபமான உபாயம். ஆனால் அவ்வகன்ற வளையம் காமிராவின் சாளரத்தை மறைக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருத்தியபின், தூரத்தை முடிவிலிக்கு வைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ, முழுத் திறப்பில் ஒன்றும் மிகச் சிறிய அபர்ச்சரில் ஒன்றுமாகப் படமெடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். டிஜிட்டல் காமிராவில் அடாப்டர் கொண்டு சோதிப்பவர்கள், ஜூபிடர்-12 போன்றவற்றின் பின்கண்ணாடி காமிராவின் உட்புறம் வரை நீண்டிருப்பதை நினைவில் வைத்து, முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வர்ண ஃபில்டர் ஒளியைக் குறைக்கும் என்பதையும் சாளரம் அறிவிப்பதில்லை. சுமாராக மஞ்சளுக்கு 2 மடங்கு, ஆரஞ்சுக்கு 4 மடங்கு, சிவப்புக்கு 8 மடங்கு ஒளி கூடுதலாகத் தர வேண்டும். லைட்ஸ் நிறுவனத்தின் 1954-இன் லைக்கா எம்3 போன்ற, ஒளிமானியில்லாத காமிராக்களில் இந்தக் கணக்கை நாமே போட்டாக வேண்டும்.

தயாரிப்பாளரே ஈடு செய்த ஒரு சம்பவம்

2006-இல் வெளிவந்த லைக்கா எம்8 என்னும் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரின் உணர்தகடு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் வாங்கிக்கொண்டதால், கறுப்புச் செயற்கைத் துணிகள் படத்தில் ஊதா கலந்த சிவப்பாகத் தோன்றின. குறை வெளிப்பட்டபின், லைக்கா நிறுவனம் காமிரா வாங்கியவர்களுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர்கள் இரண்டை இலவசமாக அளித்தது. எனினும் பரிகாரத்திலேயே இன்னொரு குறை ஒளிந்திருந்தது: அவ்வகை ஃபில்டரின் தடுப்பு எல்லை, ஒளி சாய்ந்து வரும்போது சிவப்பை நோக்கி நகர்வதால், அகலக்கோணப் படங்களின் மூலைகள் நீலப்பச்சையாக மாறின. காமிரா அதைத் திருத்தவேண்டுமானால் லென்ஸின் பிடியில் ஆறு குறிகள் கொண்ட சங்கேதம் வேண்டும். பழைய லென்ஸ்களிலோ அது இல்லை. 2009-இன் எம்9 உணர்தகட்டிலேயே தடுப்பைச் சேர்த்து இத்தொல்லையைத் தீர்த்தது. எம்8-ஐ இன்று பழையதாக வாங்குவோர் அந்த ஃபில்டர்களையும் கேட்டு வாங்குதல் வேண்டும்.

உரிமையும் பரிகாரமும்

இந்தியாவில் வியாபாரியிடம் வாங்குவோருக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணையிருக்கிறது. ரசீது தர மறுப்பதும், குறையுள்ள சரக்கை ரசீதில் கண்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அச்சட்டப்படி முறையற்ற வணிகம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்ப ஏற்க மறுக்கலாகாது; இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவ்விதம் தீராதபோது 1915 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்; இரண்டு ஆண்டுக்குள், தாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம்; 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணமும் இல்லை. சுயதொழிலாகப் படமெடுத்துப் பிழைப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

ஆனால் தம் பழைய பெட்டியை ஒழிக்கும் தனிமனிதர் வியாபாரியல்லர். அவரிடம் வாங்கியதற்கு மின்வணிக விதிகள் துணைவரா. வாங்குபவரே தவறான அளவைக் கேட்டு வாங்கியதும் சரக்கின் குறையாகாது. ஆகவேதான், பணம் கொடுக்குமுன், லென்ஸின் பெயர், எஃப் எண், தாம் அளந்த அளவு மூன்றையும் எழுதி, ‘இதற்கு இந்த ஃபில்டர் பொருந்துமா?’ என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். சரக்கு வந்தவுடன் உறை பிரிப்பதிலிருந்தே படமெடுத்து வைப்பதும், பொருந்தாததை முயன்று திருகிக் கெடுக்காமலே திருப்பி அனுப்புவதும் வழக்கைப் பலப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழும் வாசகர்கள், வியாபாரியிடம் இணையவழி வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் ரத்துச் செய்ய முடியும்.

காமிராவின் சாளரத்தில் எத்தனை அழகாகத் தெரிந்தாலும் ஃபிலிமில் விழுந்ததுதான் படம். கடைக்காரர் எத்தனை இனிமையாகச் சொன்னாலும் ஆணையத்தின் முன் காகிதத்தில் உள்ளதுதான் சாட்சி.