சீரொளி மீத்தேன் உணரி

சீரொளி மீத்தேன் உணரி என்பது சீரொளிக் கற்றையை (லேசர்) காற்றினூடே செலுத்தி, அக்கற்றையிலிருந்து மீத்தேன் உறிஞ்சிக்கொள்ளும் ஒளியை அளந்து, கசிவைத் தொலைவிலிருந்தே கண்டறியும் கருவி ஆகும். இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறான மீத்தேனுக்கு நிறமும் மணமும் இல்லை. காற்றின் கன அளவில் அது ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது, ஒரு தீப்பொறியே வெடிப்பை உண்டாக்கப் போதும்.

தேவை

வினையூக்கி வகை உணரிகள், வளிமம் தம்மை வந்தடைந்த பின்னரே எச்சரிக்கும். எனவே அவற்றைக் கையில் ஏந்திச் சோதிப்பவர் கசிவுக்கு அருகே செல்ல நேரிடும். சிலிக்கோன் ஆவி பட்டால் அவை செயலிழக்கவும் கூடும். சீரொளி உணரியைக் கொண்டு, வேலிக்கு வெளியே நின்றவாறே குழாய்களைச் சோதிக்கலாம்.

செயற்படும் விதம்

ஒவ்வொரு வளிமமும் தனக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டும் ஒளியை உறிஞ்சும். மீத்தேன் உறிஞ்சும் அகச்சிவப்பு அலைநீளங்களுள் ஒன்று ஏறத்தாழ 1.65 மைக்ரோமீட்டர். குறைகடத்திச் சீரொளியின் மின்னோட்டத்தைச் சிறிது மாற்றினால் அதன் அலைநீளமும் மாறும். இவ்வாறு ஒளி, மீத்தேன் உறிஞ்சும் அலைநீளத்துக்கும் அதன் அருகிலுள்ள உறிஞ்சாத அலைநீளத்துக்கும் மாறி மாறிச் செலுத்தப்படுகிறது. சுவரிலோ தரையிலோ பட்டுத் திரும்பும் ஒளியை உணரி அளக்கிறது. தூசி இரண்டு அலைநீளங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கச் செய்யும். மீத்தேன் ஒன்றை மட்டுமே மங்கச் செய்யும். இந்த வேறுபாட்டிலிருந்து, பியர்–லாம்பர்ட் விதியின்படி வளிமத்தின் அளவு கணக்கிடப்படுகிறது.

அளவீட்டைப் புரிந்துகொள்ளல்

கருவி காட்டுவது ஓரிடத்தின் செறிவு அன்று. கற்றை சென்ற பாதை முழுவதிலும் உள்ள செறிவின் கூட்டுத்தொகை. இதன் அலகு பிபிஎம்-மீட்டர். 10 மீட்டர் தடிமனுள்ள 50 பிபிஎம் மேகமும், ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள 50,000 பிபிஎம் (5 விழுக்காடு) கசிவும் 500 பிபிஎம்-மீட்டர் என்ற ஒரே அளவையே தரும். முன்னதில் வெடிப்பு அபாயம் இல்லை; பின்னதோ தீப்பற்றும் நிலையில் உள்ளது. ஆகவே குறைந்த அளவு காட்டினாலும், கற்றையைப் பல திசைகளில் செலுத்திக் கசிவின் இடத்தை உறுதிசெய்ய வேண்டும்.

படமாக்கல்

கற்றையை வரிவரியாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியின் அளவையும் வண்ணமாக மாற்றி ஒளிப்படத்தின் மேல் பதித்தால், கண்ணுக்குத் தெரியாத மேகத்தின் வடிவம் புலப்படும். துடிப்புகளாக ஒளியை அனுப்பி அது திரும்பும் நேரத்தையும் அளந்தால், தொலைவும் தெரியவரும்.

பயன்பாடு

2015 அக்டோபரில் கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடிச் சேமிப்பகத்தில் தொடங்கிய கசிவு, 2016 பிப்ரவரியில்தான் அடைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. வானூர்தியில் பொருத்திய சீரொளிப் பகுப்பாய்வியின் அளவீடுகளைக் கொண்டு, ஏறத்தாழ 97,000 டன் மீத்தேன் வெளியேறியதாக மதிப்பிடப்பட்டது.

வரம்புகள்

ஒளியைத் திருப்பியனுப்பும் பரப்பு இல்லாத இடத்திலும், அடர்ந்த மூடுபனியிலும் அளவீடு தடைப்படும். ஐதரசன், குளோரின் போன்ற, ஒரே தனிமத்தின் இரு அணுக்களாலான மூலக்கூறுகள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதில்லை என்பதால், அவற்றை இம்முறையில் கண்டறிய இயலாது. மீத்தேனுக்கு அமைத்த கருவி அமைதியாக இருப்பதாலேயே, அங்கு வேறு நச்சு வளிமம் இல்லை என்று கொள்ளக் கூடாது.