பானகத்துல ரம் ஊத்தினா பஞ்ச்: ரம் காக்டெயிலும் நம்ம பாண்டியும்

வெயில் மண்டையைப் பிளக்குது, அதனால இன்னைக்கு டாபிக் ரம் காக்டெயில். வீட்டுல எப்படிப் பண்றது, எங்கேருந்து வந்துச்சு, ரெண்டையும் பார்த்துடலாம். குடிக்காதவங்களும் கேளுங்க. ரெசிபியில ரம்மை எடுத்துட்டாலும் நல்லாவே இருக்கும். வரலாறு எல்லாருக்கும் பொது.

ஒயிட் டவுன்ல எந்த பார் மெனுவைத் திறந்தாலும் மொஹிட்டோ, டைக்கிரி, பஞ்ச்னு வரிசையா இருக்கும். ஏதோ கப்பலேறி இங்க வந்த சமாச்சாரம் மாதிரி தெரியும். உண்மையில கப்பல் ரெண்டு பக்கமும் போயிருக்கு.

அஞ்சு பொருள்

முதல்ல பஞ்ச். ‘அஞ்சு’ங்கற அர்த்தத்துல ஹிந்தியில இருக்கற ‘பாஞ்ச்’ல இருந்துதான் இந்தப் பேர் வந்துச்சுன்னு பரவலா சொல்றாங்க. பஞ்சாமிர்தத்துல இருக்கற அதே ‘பஞ்ச’. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணி, மசாலான்னு அஞ்சு பொருள். இங்க இருந்த பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களோட கடிதங்கள்ல 1632-லயே இந்தப் பேர் வந்துடுச்சு. அப்போ ஊத்தினது ரம் இல்ல, நம்ம பக்கத்துச் சாராயம். கரீபியன் தீவுகள்ல ரம் காய்ச்ச ஆரம்பிச்சதும், சாராயத்தோட இடத்துல ரம் உட்கார்ந்துச்சு.

இப்போ நம்ம பானகத்தை யோசிச்சுப் பாருங்க. வெல்லம், எலுமிச்சை, தண்ணி, சுக்கு, ஏலக்காய். சாராயம் மட்டும்தான் மிஸ்ஸிங்! பானகத்துல இருந்துதான் பஞ்ச் வந்துச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா ரெண்டுக்கும் லாஜிக் ஒண்ணுதான்.

கரீபியன்ல பழைய கணக்கு ஒண்ணு இருக்கு: புளிப்பு 1, இனிப்பு 2, ரம் 3, தண்ணி 4. ஒரு பங்கு 15 மில்லின்னு வச்சுக்கோங்க. எலுமிச்சைச் சாறு 15, வெல்லப்பாகு 30, ரம் 45, குளிர்ந்த தண்ணி 60. ஒரு சிட்டிகை சுக்கு, ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டு, ஐஸோட கலக்குங்க. வெல்லப்பாகுக்கு வெல்லமும் தண்ணியும் சம எடை. கரையற வரைக்கும் சூடு பண்ணி, வடிகட்டி, ஆற வச்சா போதும். இனிப்பு தூக்கலா இருந்தா பாகை 20 மில்லியா குறைச்சுக்கோங்க.

கரும்பு வெட்டினது யாரு?

அடுத்து டீ பஞ்ச். நம்ம குடிக்கிற டீ இல்லங்க. ‘சின்ன’ன்னு அர்த்தம் வர்ற ஒரு பிரெஞ்சு வார்த்தையோட சுருக்கம். பிரெஞ்சுக் கரீபியன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் ரெண்டுலயும் இதுதான் வீட்டு ட்ரிங்க். வெள்ளை ரம், ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு ஸ்பூன் கரும்புப்பாகு, அவ்வளவுதான். நம்ம ஊர் ரம் பெரும்பாலும் மொலாசஸ்ல இருந்து, அதாவது சர்க்கரை எடுத்தபிறகு மிஞ்சற கழிவுப்பாகுல இருந்து வருது. அவங்க நேரா கரும்புச்சாறையே புளிக்க வச்சுக் காய்ச்சறாங்க. அதனால ஒரு பச்சைப் புல் வாசனை இருக்கும்.

அந்தக் கரும்பை வெட்டினது யாரு? 1848-ல பிரான்ஸ் தன் காலனிகள்ல அடிமை முறையை ஒழிச்சுது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டுச்சு. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள்ல இருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏத்தினாங்க. ‘ஒரேலி’ங்கற கப்பல் 1853 மே மாசம் மார்த்தினிக் போய்ச் சேர்ந்துச்சு. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்னைக்கு குவாதலூப் போச்சு. 1880கள் வரைக்கும் மார்த்தினிக்குக்கு சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு சுமார் 42,000 பேர். அதுல பெரும்பகுதி தமிழங்க. ஒப்பந்தம் அஞ்சு வருஷம்தான், ஆனா நிறைய பேர் திரும்பவே இல்ல.

அங்கேயே பிறந்த பிள்ளைங்களுக்குக்கூட குடியுரிமை சுலபமா கிடைக்கல. குவாதலூப்ல பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல இதுக்காகக் கோர்ட்டுக்குப் போனாரு. முடிவு வந்தது 1923-ல. பத்தொன்பது வருஷம்! பேரைப் பார்த்தாலே எந்த ஊர்க்காரங்க வாரிசுன்னு தெரியுதுல்ல?

‘பிரெஞ்சு காலனி வைப்’னு மெனு கார்டுல போடறப்போ, இந்தப் பாதி விட்டுப்போயிடுது. ரம்மோட கதையில நாம கஸ்டமர் மட்டும் இல்ல, கூலியாவும் இருந்திருக்கோம்.

நன்னாரி ரம் சோடா

சரி, வெயிலுக்கு என் ஃபேவரிட். டார்க் ரம் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, நன்னாரி சிரப் 20. மூணையும் ஐஸோட மூடி போட்ட ஸ்டீல் பாட்டில்ல ஒரு 12 செகண்ட் நல்லா குலுக்குங்க. ஷேக்கர் எல்லாம் வாங்க வேண்டாம். வடிகட்டி, புது ஐஸ் மேல ஊத்தி, சோடா 100 மில்லி சேருங்க. சோடாவை மட்டும் பாட்டில்ல போட்டுக் குலுக்கிடாதீங்க, மூடி பறக்கும். எலுமிச்சையை அப்பப்போ பிழியுங்க. முந்தின நாள் பிழிஞ்சது கசக்கும்.

இப்போ கொஞ்சம் கணக்கு. நம்ம ரம் 42.8 சதவீதம். 45 மில்லியில சுத்த ஆல்கஹால் சுமார் 19 மில்லி, எடையில 15 கிராம். 10 கிராம்தான் ஒரு ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்னா, இந்த ஒரு கிளாஸ் ஒண்ணரை ட்ரிங்க். புளிப்பும் இனிப்பும் சேர்ந்து காரத்தை மறைச்சிடும். நாக்குக்கு சர்பத், ஈரலுக்கு ரம்தான். அதனால கண் அளவு வேண்டாம், அளந்து ஊத்துங்க. ரெண்டாவதுக்கு முன்னாடி ஒரு பெரிய டம்ளர் தண்ணி. வண்டி சாவியை எடுக்கவே எடுக்காதீங்க. விலை கம்மின்னு பாட்டிலை பார்டர் தாண்டி தமிழ்நாட்டுக்குக் கொண்டு போனா கேஸ் ஆகும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

வீட்டுல தாத்தா பாட்டி இருந்தா, நம்ம குடும்பத்துல யாராவது கப்பலேறிப் போனாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பதில் கிடைச்சா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.